கண்ணாடிச் சன்னலில் வாழும் மேரி ஆனிங்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சிற்றூர் லைம் ரீஜிஸ். அங்கே கடலைப் பார்த்து நிற்கும் பழைய தேவாலயத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் உண்டு. பசித்தோருக்கு உணவளித்தல், நோயாளிகளைக் காணச் செல்லுதல் முதலான அறச்செயல்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன. அது பிரபு எவருக்காகவும் வைக்கப்பட்டதன்று. ஓர் ஏழைத் தச்சரின் மகளுக்காக வைக்கப்பட்டது. அவர்தான் மேரி ஆனிங்.

மேரி 1799ஆம் ஆண்டு பிறந்தார். அவருக்கு 11 வயதானபோது தந்தை காலமானார், கடன்தான் மிஞ்சியது. கடலோரப் பாறைச் சரிவுகளில் கிடைத்த புதைபடிவங்களைப் பொறுக்கி, சுற்றுலாப் பயணிகளிடம் விற்றே குடும்பம் பிழைத்தது.

1811இல் அவருடைய அண்ணன் ஜோசப் ஒரு விசித்திர விலங்கின் மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு எஞ்சிய எலும்புகளை மேரி கண்டுபிடித்தார். அது இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வன. 1823இல் பிளீசியோசரின் முழு எலும்புக்கூட்டை அவர் வெளிக்கொணர்ந்தார். அதன் கழுத்து மிக நீளமாக இருந்ததால், பிரெஞ்சு அறிஞர் குவியே அது போலி என்றே சந்தேகித்தார். ஆய்வுக்குப் பின் தம் தவற்றை அவர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர் மேரி. கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைக் கையால் படியெடுத்தார். மீன்களை அறுத்துப் பார்த்து உடலமைப்பை அறிந்துகொண்டார். இந்தத் தொழிலில் ஆபத்தும் இருந்தது. 1833இல் ஏற்பட்ட மண்சரிவில் அவருடைய செல்ல நாய் டிரே இறந்தது. அவர் மயிரிழையில் தப்பினார்.

அவர் கண்டெடுத்தவற்றைப் பற்றிக் கட்டுரை வாசித்துப் புகழ்பெற்ற ஆண்கள் பலர். அவற்றில் மேரியின் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பெண் என்பதால் லண்டன் புவியியல் சங்கத்திலும் அவருக்கு இடமில்லை.

1847இல், 47ஆம் வயதில், புற்றுநோயால் மேரி மறைந்தார். அதன் பிறகே அந்தச் சங்கத்தினர் சிலரும் ஊர்ப் பாதிரியாரும் பணம் திரட்டினர். 1850இல் சன்னல் அமைந்தது. ஆனால், பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க அச்சங்கம் 1919 வரை எடுத்துக்கொண்டது.

மாணவர்களே, 2022இல் லைம் ரீஜிசில் மேரிக்குச் சிலையும் எழுந்தது. அதற்கான முயற்சியைத் தொடங்கியவர் ஒரு பள்ளி மாணவி. மறக்கப்பட்டவரை நினைவுகூர வயது ஒரு தடையல்ல. ஆயினும், உழைத்தவரின் பெயரை அவர் வாழும்போதே சொல்வதுதான் முறை. நண்பர் உதவியுடன் செய்த பள்ளித் திட்டப்பணியில் அவர் பெயரையும் எழுதுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.