ஏழிசை மன்னரின் தீபாவளி

பெரியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் பிறந்த நாளையும் மறைந்த நாளையும் மனப்பாடம் செய்துகொள்கிறோம். இடையில் வந்த நாட்கள் நம் நினைவில் தங்குவதில்லை. தமிழ்த் திரையிசையின் முதல் பெரும் நாயகரான எம். கே. தியாகராஜ பாகவதரின் வாழ்வில் அவ்வாறு இடையில் வந்த ஒரு நாளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது 1944ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தீபாவளித் திருநாள். அன்றுதான் ‘ஹரிதாஸ்’ திரைப்படம் வெளிவந்தது.

என்னை எழுதத் தூண்டியது ஒரு பழைய பாட்டுப் புத்தகம். வண்டியூரில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் அது கிடந்தது. அக்காலத்தில் படத்தின் பாடல்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டுக் கொட்டகை வாசலில் ஓரிரு அணாவுக்கு விற்பார்களாம். அதை வாங்கியவர் என் அப்பத்தாவின் தகப்பனார். மாட்டு வண்டியில் மதுரைக்கு நெல் மூட்டை ஏற்றிச் சென்று பிழைத்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் பையன் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டாராம். புத்தகத்தின் உட்பக்கத்தில் 44 தீபாவளி என்று பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். அட்டையில் இருந்த பாகவதரின் படம் குறுக்கே கிழிந்து, பின்னர் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. கிழித்தது யார், ஒட்டியது யார் என்று அப்பத்தாவைக் கேட்டேன். அவர் சொன்ன விடையைக் கூறுவதற்கு முன் பாகவதரின் கதையைக் கூறவேண்டும்.

அவர் 1910ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் மாயவரத்தில், பொன்வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் திருச்சியில் குடியேறியது. சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை, பாட்டில்தான் சென்றது. எஃப். ஜி. நடேச ஐயர் நடத்திய நாடகச் சபையில் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக மேடை ஏறினார். முறையாக இசை பயின்றார். நாடக மேடையில் நல்ல பெயர் பெற்றார். அவர் நடித்த ‘பவளக்கொடி’ நாடகத்தைக் கண்ட இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதையே 1934ஆம் ஆண்டில் திரைப்படமாக்கினார். அர்ச்சுனனாக நடித்த பாகவதர் அந்த ஒரே படத்தில் தமிழகம் முழுதும் அறிமுகமானார்.

1937ஆம் ஆண்டில் ‘சிந்தாமணி’ வந்தது. இதில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு. மதுரை ராயல் டாக்கீசார் எடுத்த படம் அது. அதில் கிடைத்த வருவாயைக் கொண்டே மதுரையில் சிந்தாமணி என்ற பெயரில் ஒரு கொட்டகை எழுந்தது. ஒரு படத்தின் பெயரைக் கல்லும் சுண்ணாம்பும் தாங்கி நின்றதென்றால் அப்படம் ஈட்டிய செல்வத்தை நாம் கணித்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’யும் வந்தது. ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ ஆகியவை அடுத்தடுத்து வந்தன. பாபநாசம் சிவன் பாட்டு எழுதுவார், பாகவதர் பாடுவார், ஊரெல்லாம் அந்தப் பாட்டாக இருக்கும். கருநாடக இசையின் இராகங்கள் சபாக்களை விட்டு இறங்கி, வண்டிக்காரர் வாயிலும் களையெடுக்கும் பெண்கள் வாயிலும் புகுந்தன. அவரைப் போலத் தோள் வரை முடி வளர்ப்பதைப் பாகவதர் கிராப்பு என்றார்கள். எங்கள் கொள்ளுத் தாத்தாவும் அப்படி வளர்த்து வீட்டில் ஏச்சு வாங்கியவர்தாம்.

இந்தப் புகழின் உச்சியில் வந்ததுதான் 1944ஆம் ஆண்டுத் தீபாவளி. அது உலகப் போர்க்காலம். கச்சாப் பிலிம் கிடைப்பது அரிதாகி, படங்கள் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. அந்த அளவுக்குள் அடங்கிய படம் ‘ஹரிதாஸ்’. பெற்றோரை மதியாமல் கெட்டலைந்த ஒருவன், கால்களை இழந்து, தவற்றை உணர்ந்து, பெற்றோரே தெய்வம் என்று திருந்தும் கதை. டி. ஆர். ராஜகுமாரி, என். சி. வசந்தகோகிலம், என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் ஆகியோர் உடன் நடித்தனர். சென்னை பிராட்வே கொட்டகையில் இப்படம் 1944, 1945, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளின் தீபாவளியையும் கண்டது. அன்று பாகவதருக்கு வயது 34.

அந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். சரியாக 23ஆம் நாள், நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்பவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரைக் கலைஞர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதும் மஞ்சள் பத்திரிகை நடத்தியவர் அவர். அக்கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும் கலைவாணர் கிருஷ்ணனும் டிசம்பர் மாதம் கைது செய்யப்பட்டனர். 1945ஆம் ஆண்டு மே மாதம் ஜூரிகளின் முடிவை ஏற்று நீதிமன்றம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீடு சென்னையில் தள்ளுபடியாகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி அங்கே உத்தரவாயிற்று. புகழ்பெற்ற வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை பெற்றனர்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டுகிறேன். பிராட்வே கொட்டகையில் ‘ஹரிதாஸ்’ கண்ட மூன்று தீபாவளிகளில் பின்னிரண்டையும் அதன் நாயகர் சிறைக்குள் கழித்தார். வெளியே திரையில் அவர் குதிரைமீது பாடிக்கொண்டு வந்தார். மக்கள் சீட்டு வாங்கிக் கை தட்டினார்கள். உள்ளே அவர் கைதி உடையில் இருந்தார். அவர் குரலைக் காசு கொடுத்துக் கேட்ட மக்களில் எத்தனை பேர் அவர் குற்றமற்றவர் என்று நம்பினார்கள்?

விடுதலைக்குப் பின் பழைய வாழ்வு திரும்பவில்லை. 1948ஆம் ஆண்டில் சொந்தமாக எடுத்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. 1952ஆம் ஆண்டில் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும், 1957ஆம் ஆண்டில் ‘புதுவாழ்வு’ம் வந்து போயின. சிறைதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, காலமும் மாறியிருந்தது. நடிப்பவர் ஒருவர், பின்னணி பாடுபவர் ஒருவர் என்ற முறை வேரூன்றிவிட்டது. பாட்டைவிட வசனத்துக்கு மதிப்புக் கூடியது. கூட விடுதலையான கலைவாணர் மீண்டும் திரையில் வெற்றி பெற்றார். பாடும் நாயகர் என்ற இனமே மறைந்ததால் பாகவதருக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனால் அவர் பாணி மறையவில்லை. அதைப் பின்பற்றிப் பாடித்தான் மதுரைக்காரரான டி. எம். சௌந்தரராஜன் திரையுலகில் நுழைந்தார்.

சர்க்கரை நோயால் உடல் தளர்ந்த பாகவதர் கச்சேரிகள் செய்துவந்தார். 1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். அப்போதும் தீபாவளி நேரந்தான். வெடிச் சத்தம் ஓயாத நாட்கள். வயது 49. உடல் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்த 14 படங்களில் கடைசியான ‘சிவகாமி’ அவர் மறைந்த பின்னரே, 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இனி அப்பத்தா சொன்ன விடை. தண்டனைச் செய்தி ஊருக்கு வந்த அன்று கொள்ளுத் தாத்தா அந்த அட்டையைக் கிழித்தாராம். கொலைகாரன் படம் வீட்டில் இருக்கக் கூடாது என்று கோபம். தோள்வரை வளர்த்த முடியையும் வெட்டிக்கொண்டாராம். 1947ஆம் ஆண்டில் விடுதலைச் செய்தியும் வந்தது. அதை அவர் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் திருவிழா இரவுகளில் ஒலிபெருக்கியில் பாகவதர் பாட்டு வைத்தால் எழுந்து போய்விடுவாராம். தாம் அவசரப்பட்டுவிட்டோம் என்ற வெட்கந்தான் அதற்குக் காரணமாக இருக்கும் என்பது அப்பத்தாவின் எண்ணம். பாகவதர் இறந்த செய்தி வந்த இரவு, பெட்டியைத் திறந்து கிழிந்த துண்டைத் தேடி எடுத்தார். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினார். பதினோரு வயதுச் சிறுமியாக இருந்த அப்பத்தா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

நீதிமன்றம் தன் தவற்றைத் திருத்திக்கொள்ள ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு அதற்கு மேலும் 12 ஆண்டுகள் ஆயின. கிழித்த துண்டை அவர் எறிந்துவிடாமல் வைத்திருந்தார் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் புத்தகத்தை முதலில் கண்ணால் படித்தவன் நான். விடுதி அறையிலும் வகுப்பிலும் ஒருவரைப் பற்றிக் காதில் விழுந்ததை வைத்து, இவன் இப்படித்தான் என்று நாமும் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லப்பட்ட நண்பன் ஒருவனிடம் இந்த ஆண்டுத் தீபாவளிக்கு முன் நான் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அவன் உயிரோடு, அடுத்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.