மேரி கார்ப்பென்டரின் கல்விப்பணியும் பெண்ணுரிமை நிலைப்பாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கல்வியாளருள் மேரி கார்ப்பென்டர் (1807–1877) சீர்திருத்தப் பள்ளிகளின் முன்னோடியாகவே பெரிதும் அறியப்படுகிறார். பெண்ணுரிமையாளர் வரிசையில் அவர் பெயர் தயக்கத்துடன்தான் சேர்க்கப்படுகிறது. அத்தயக்கத்திற்கு இடமளித்தவரும் அவரே. பெண்ணின் ஆற்றலைப் பல்லாண்டுகள் செயலால் நிறுவிய அவர், வாக்குரிமைக்காக மேடையேறியது வாழ்வின் இறுதி ஆண்டில்தான். இந்த இடைவெளியை விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

எக்சிட்டர் நகரில் பிறந்த மேரி, 1817இல் குடும்பத்தினருடன் பிரிஸ்டலுக்கு வந்தார். தந்தை லான்ட் கார்ப்பென்டர் அங்கு லூயின்ஸ் மீட் ஆலயத்தின் யூனிட்டேரியன் போதகர். மூவொரு கடவுட் கொள்கையை ஏற்காமல் இறைவன் ஒருவனே எனக் கொள்ளும் இப்பிரிவு, 1813 வரை அந்நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறவில்லை. பகுத்தறிவின்மீது இப்பிரிவினர் கொண்டிருந்த பற்று பெண்கல்விக்கும் வழிவிட்டது. தந்தையின் பள்ளியில் ஆண் மாணவர்களுடன் இலத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவற்றை மேரி கற்றார். உடன் பயின்ற ஜேம்ஸ் மார்ட்டினோ பின்னாளில் புகழ்பெற்ற போதகராகவும் மெய்யியலாளராகவும் விளங்கினார். மேரிக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. 1829இல் தாயுடனும் தங்கையருடனும் சேர்ந்து பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

1833ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திசையை வகுத்தது. பாஸ்டன் நகர ஏழைகளிடையே பணியாற்றிய ஜோசப் டக்கர்மன் அவ்வாண்டில் பிரிஸ்டலுக்கு வந்தார். இராசாராம் மோகன் ராயும் வந்தார். செப்டம்பர் 27இல் அந்நகரிலேயே மறைந்தார். முதலாமவரின் தாக்கம் 1846இல் லூயின்ஸ் மீட் பகுதியின் வறிய சிறாருக்கான இலவசப் பள்ளியாக உருப்பெற்றது. இரண்டாமவரின் தாக்கம் வெளிப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

குற்றம்புரிந்த சிறாரைச் சிறைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என 1851இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வாண்டு பர்மிங்காமில் கூடிய மாநாட்டுக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் ஆடவர் அவையில் பேசுவது பெண்மைக்குப் பொருந்தாதெனக் கருதி வாய்திறவாதிருந்தார். மறு ஆண்டே நாடாளுமன்றக் குழுவின்முன் சான்றளித்தார். 1854இல் இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. பைரனின் துணைவியார் வாங்கியளித்த ரெட் லாட்ஜ் மாளிகையில் சிறுமியருக்கான சீர்திருத்தப் பள்ளியும் அவ்வாண்டே தோன்றியது. இங்கு ஒரு முரண் உண்டு. கிரேக்கம் கற்ற மேரி, அச்சிறுமியருக்குச் சலவையும் தையலும் வீட்டுவேலையுமே பயிற்றுவித்தார். அவர்களுக்கு வாய்க்கக்கூடிய பிழைப்பு அதுவே என்பது அவர் கணிப்பு. வர்க்க எல்லையை அவர் கேள்விக்குட்படுத்தவில்லை என்பதையும் மறுக்க இயலாது.

1866 முதல் 1876 வரை நான்கு முறை இந்தியா வந்தார். முதற் பயணத்தில் பம்பாய், அகமதாபாத், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களின் பெண்கள் பள்ளிகளைப் பார்வையிட்டார். எங்கும் ஆண்களே கற்பிப்பதையும், சிறுமியர் இளவயதிலேயே பள்ளியை விட்டு நீங்குவதையும் கண்டு, ஆசிரியைப் பயிற்சிப் பள்ளிகள் தேவையென அரசை வற்புறுத்தினார். பெண்கல்விக்காக உழைத்த ஈசுவர சந்திர வித்தியாசாகரே இத்திட்டத்தை எதிர்த்தார். ஆசிரியைகள் தேவை என்பதில் அவருக்கு ஐயமில்லை. மதிப்புடைய இந்துக் குடும்பங்கள் வளர்ந்த பெண்களை அப்பணிக்கு அனுப்பா என்பதே அவர் வாதம். (மேரியுடன் உத்தரபாராப் பள்ளியைப் பார்த்துத் திரும்புகையில் வண்டி கவிழ்ந்து வித்தியாசாகர் காயமுற்றார், அவர் உடல்நலம் பின்னர் முழுமையாக மீளவே இல்லை.) கல்கத்தாவில் பெத்தூன் பள்ளியுடன் இணைத்துத் தொடங்கப்பெற்ற பயிற்சிப் பள்ளி 1872இல் மூடப்பட்டது. வித்தியாசாகரின் கணிப்பே மெய்யாயிற்று. எனினும் தேவையை மேரி தவறாக அறிந்தார் எனக் கூறவியலாது. பிரிஸ்டலில் பயன்பட்ட வழி கல்கத்தாவிலும் பயன்படும் என்று நம்பியதே அவர் பிழை.

1870இல் பிரிஸ்டலில் தேசிய இந்தியச் சங்கத்தை நிறுவினார். பொதுமேடைத் தயக்கம் சமூக அறிவியல் சங்கக் கூட்டங்களில் கட்டுரை படித்த ஆண்டுகளிலேயே தளர்ந்திருந்தது. வாக்குரிமை குறித்த தயக்கமோ நீடித்தது. தம் பள்ளிகளுக்கு ஆடவர் அவைகளின் ஆதரவு இன்றியமையாததாக இருந்ததால் அவ்வமைதியைக் கொள்கை மறுப்பாகக் கொள்வதினும் நிறுவனத் தலைவியின் எச்சரிக்கையாகக் கொள்வதே பொருந்தும். 1877இல் பிரிஸ்டல் வாக்குரிமைக் கூட்டத்தில் பேசினார். பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கக் கோரி லண்டன் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பெற்ற விண்ணப்பத்திலும் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஜூன் 14இல் மறைந்தார். மறு ஆண்டு அப்பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது.