லண்டனை அலறவிட்ட ரம்பம்... யார் இந்த பி.சி.சர்க்கார்?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் கோடை விழாவா இருக்கட்டும், மலைக்குக் கீழே திருப்பத்தூர் பக்கத்து ஊர்த் திருவிழாவா இருக்கட்டும். மேடையில் மேஜிக் ஷோ என்று அறிவித்தால் நம் மனசுல வர்ற உருவம் ஒண்ணுதான். பளபளக்கும் ஷெர்வானி, இறகு செருகிய தலைப்பாகை, முனை வளைந்த செருப்பு. ராஜா மாதிரி ஒருத்தர் வந்து நிற்பார். குடும்பத்தோட உட்கார்ந்து பார்ப்போம்.

அந்த ராஜா கெட்டப்பை இந்திய மேஜிக்கின் அடையாளமாக மாற்றியவர் பி.சி.சர்க்கார். தன் ஷோவுக்குத் தானே விளம்பரம் செய்து, அதை உலகம் முழுக்க கொண்டுபோனவர். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனா அந்தத் தலைப்பாகை இன்னும் மேடையை விட்டு இறங்கல.

யார் இவர்?

முழுப்பெயர் புரோதுல் சந்திர சர்க்கார். பிறந்தது 1913 பிப்ரவரி 23. ஊர், அன்றைய வங்காளத்தின் டாங்கைல் பகுதியில் உள்ள அஷேக்பூர் கிராமம். இப்போது அது வங்கதேசத்தில் இருக்கிறது.

கல்லூரியில் படித்தது கணிதம். ஆனா மனசு முழுக்க மேஜிக். அந்தக் காலத்தில் வங்காளத்தில் பெரிய பெயர் எடுத்திருந்த கணபதி சக்ரவர்த்தியிடம் வித்தை கற்றுக்கொண்டார். சர்க்கஸ் கூடாரங்களில் பெட்டிக்குள் கட்டிப்போட்டாலும் தப்பித்து வருவதில் கில்லாடி அந்த குரு.

அன்றைக்கு மேஜிக் ஒரு மரியாதையான தொழில் கிடையாது. தெருவில் செப்படி வித்தை காட்டுறவங்க, கண்கட்டு வித்தைக்காரங்க என்றுதான் ஊர் பார்த்தது. இன்னொரு பக்கம் அதை பில்லி சூனியத்தோட சேர்த்துப் பயந்தவங்களும் உண்டு. கணிதம் படித்த ஒரு பையன் இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் எப்படி இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

பெயரிலேயே ஆரம்பித்த விளம்பரம்

சர்க்கார் முதலில் கை வைத்தது தன் பெயரில். வங்காளத்தில் சாதாரணமாகப் புழங்கும் குடும்பப் பெயர் அது. ஆங்கிலத்தில் அதன் எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றினார். மந்திரவாதியைக் குறிக்கும் 'சார்சரர்' என்ற ஆங்கிலச் சொல் போலவே அது தெரிய ஆரம்பித்தது. செலவே இல்லாத பப்ளிசிட்டி!

அடுத்து, உலகின் மாபெரும் மேஜிஷியன் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு இளம் வயது. போஸ்டர், நோட்டீஸ், லெட்டர்பேடு என எல்லாவற்றிலும் அதைப் போட்டார். வெளிநாட்டு மேஜிக் பத்திரிகைகளுக்கு விடாமல் கடிதங்களும் கட்டுரைகளும் அனுப்பினார். மேஜிக் பற்றி நிறைய புத்தகங்களும் எழுதினார்.

இது பல மேற்கத்திய மேஜிஷியன்களுக்கு எரிச்சலைக் கிளப்பியது. தற்பெருமைக்காரர் என்று திட்டினார்கள். அந்த விமர்சனத்தை முழுசா தள்ளிவிடவும் முடியாது. பட்டத்தை அவர் தானே சூட்டிக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனா யாரோ வந்து சூட்டட்டும் என்று காத்திருந்தால், அடிமை நாட்டின் ஒரு கிராமத்துப் பையனை யார் தேடி வந்திருப்பார்கள்?

யார் யாரை காப்பி அடித்தது?

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை இருக்கு. சர்க்காருக்கு முன்பே பல வெள்ளைக்கார மேஜிஷியன்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கிழக்கத்திய பெயர் வைத்துக்கொண்டு காசு பார்த்தார்கள். இந்தியக் கயிறு வித்தை என்ற கதைக்கே மேற்கில் அவ்வளவு மவுசு.

1955-ல் ஜெர்மனியின் பிரபல மேஜிஷியன் ஒருவர், சர்க்கார் தன் ஷோவை காப்பி அடிக்கிறார் என்று குற்றம்சாட்டினார். அவருடைய இயற்பெயர் ஹெல்முட் ஷ்ரைபர். மேடையில் வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? காலாநாக். இந்தியில் கருநாகம் என்று அர்த்தம்! சர்க்காருக்கு ஆதரவாகவும் சக மேஜிஷியன்கள் குரல் கொடுத்தார்கள்.

மேற்கத்திய வித்தைகளை சர்க்கார் எடுத்துக்கொண்டது நிஜம். பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையை 1921-லேயே லண்டன் மேடையில் செல்பிட் என்பவர் காட்டிவிட்டார். சர்க்கார் செய்தது வேறு. அந்த வித்தைகளுக்கு இந்திய இசை, இந்திய உடை, அரண்மனை போன்ற மேடை கொடுத்து, 'இந்திரஜால்' என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர் போட்ட இந்திய வேஷத்தை, ஓர் இந்தியர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

1956 ஏப்ரல் 9: அந்த இரவில் என்ன நடந்தது?

லண்டனின் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் சர்க்காரின் ஷோ நடக்கவிருந்தது. ஆனா லண்டன்வாசிகளுக்கு அவர் யாரென்று தெரியாது. டிக்கெட் விற்கணும். அந்த நேரத்தில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. நேரலை. நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி அவருக்கு.

தீப்தி தே என்ற 17 வயது உதவியாளரை மேஜையில் படுக்க வைத்தார். மேலே சுழலும் வட்ட ரம்பம். அது அவர் உடலை அறுத்துக்கொண்டு போவதை வீட்டில் இருந்தவர்கள் டிவியில் பார்த்தார்கள். அடுத்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கணும். எழவில்லை. சர்க்கார் கையைத் தேய்த்துப் பார்த்தார். அசைவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அவர் முகத்தைத் துணியால் மூடினார்.

அந்த நொடியில் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பிபிசியின் தொலைபேசிகள் விடாமல் அலறின. நேரலையில் ஒரு பெண் செத்துப்போயிட்டாளா என்று நாடே கேட்டது. தீப்தி நலமாக இருக்கிறார் என்று அன்றிரவே பிபிசி அறிவிக்க வேண்டியதாகிவிட்டது.

ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிவிட்டதால் நிறுத்தினோம் என்பது விளக்கம். ஆனா நேரத்தைக் கணக்குப் போடுவதில் சர்க்கார் மன்னன். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் அவர்தான். தியேட்டரில் டிக்கெட் பறந்தது.

இன்றைய பாஷையில் சொன்னால் அது வைரல். பார்வையாளர்களை நிஜமாகவே பயமுறுத்தி கூட்டம் சேர்ப்பது சரியா என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது. பிராங்க் வீடியோக்கள் பற்றி இன்று நாம் கேட்பதும் அதே கேள்விதான்.

பயம் மட்டும்தானா?

இல்லை. குடும்பத்தோட வர்றவங்களுக்காக அவர் வைத்திருந்த வித்தைகள் நிறைய. அதில் ஒன்று 'வாட்டர் ஆஃப் இந்தியா'. ஒரு சொம்பிலிருந்து தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு ஓரமாக வைப்பார். வேறு வித்தை காட்டிவிட்டு வந்து சாய்த்தால் மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஷோ முடியும்வரை இது தொடரும். கண்ணைக் கட்டிக்கொண்டு, கரும்பலகையில் பார்வையாளர்கள் எழுதுவதைப் படித்துக்காட்டுவது இன்னொன்று.

1964-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. செப்படி வித்தை என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலுக்குக் கிடைத்த மரியாதை அது.

கடைசி ஷோ

1971 ஜனவரி 6. ஜப்பானின் ஹொக்கைடோ. ஷோ முடித்த சர்க்காருக்கு மாரடைப்பு. வயது 57. வீட்டை விட்டு வெகுதூரத்தில், பனிக்காலத்தில், வேலைக்கு நடுவிலேயே அவர் கதை முடிந்தது.

ஆனா ஷோ நிற்கவில்லை. மகன் பிரதீப், பி.சி.சர்க்கார் ஜூனியராக இந்திரஜாலைக் கையில் எடுத்தார். 2000-ல் தாஜ்மஹாலையே மறைத்துக்காட்டியவர் இவர்தான். இன்னொரு மகன் பிரபாஸும் மேஜிஷியன். பேத்தி மானேகாவும் மேடை ஏறினார். 2010-ல் சர்க்காரின் படத்தோடு தபால்தலை வெளியானது.

நம்ம ஊர் மேடைக்கு என்ன பாடம்?

சர்க்காரின் முதலீடு ரம்பமோ பெட்டியோ இல்லை. மறக்க முடியாத பெயர், தூரத்திலிருந்தே தெரியும் உடை, எழுதுவதில் விடாமுயற்சி, அடுத்தது என்ன என்று யோசிக்க வைக்கும் முடிவு. மலைக் கிராமத்தில் ஐம்பது பேர் முன்னால் ஷோ நடத்தும் ஒரு குடும்பத்துக்கும் இதெல்லாம் கைக்கு எட்டுறதுதான்.

அடுத்த முறை திருவிழாவில் ஒரு தலைப்பாகைக்காரர் மேடை ஏறினால் கொஞ்சம் நின்னு பாருங்க. காலியான சொம்பிலிருந்து மறுபடியும் தண்ணீர் வந்தால், அஷேக்பூர்க்காரரை நினைச்சுக்கோங்க.