கோல் கம்பமும் கணக்குப் புத்தகமும்: ஹேர்பேர்ட் சப்மனின் கதை

1919 ஒக்டோபர் 17 ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள மெற்றோபோல் ஹோட்டலில் ஓர் ஏலம் நடந்தது. கோல் கம்பங்கள், வலைகள், சட்டைகள், சப்பாத்துகள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அவற்றோடு லீட்ஸ் சிற்றி என்ற உதைபந்தாட்டக் கழகத்தின் வீரர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். கோல் போடுவதில் பெயர்பெற்ற பில்லி மக்லியோட் 1,250 பவுணுக்குப் போனார். வெறும் 100 பவுணுக்குப் போனவரும் உண்டு. அந்தக் கழகம் பருவத்தின் முதல் எட்டுப் போட்டிகளை ஆடியிருந்த நிலையில், நான்கு நாட்களுக்கு முன்னர்தான் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்ததே அதன் குற்றம். கழகத்தின் அதிகாரிகள் ஐவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதில் ஒருவர் முன்னாள் முகாமையாளர் ஹேர்பேர்ட் சப்மன்.

ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆர்சனல் சட்டை போட்டுத் திரியும் பிள்ளைகளை நான் அடிக்கடி காண்கிறேன். சிவப்பு உடல், வெள்ளைக் கைகள். 1933 இல் அந்தச் சட்டைக்கு வெள்ளைக் கைகளை வைத்தவர் இதே சப்மன்தான். ஏலத்தில் கலைந்த ஒரு கழகத்தின் முகாமையாளர், பதினான்கு ஆண்டுகளில் உலகம் முழுவதும் அடையாளம் காணும் ஒரு சட்டைக்கு உரியவரானார். அவருடைய வெற்றிகளைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அக்கறை வேறொன்றில். ஒரு கழகம் எதனால் விழுகிறது, விழும்போது அதை யார் தாங்குகிறார்கள் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடையாது.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

சப்மன் 1878 ஜனவரி 19 ஆம் திகதி யோர்க்‌ஷயரில் கிவெற்றன் பார்க் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்தார். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகன் சுரங்கப் பொறியியல் படித்தார். கூடவே உதைபந்தும் ஆடினார். பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. கழகம் கழகமாக மாறிக்கொண்டிருந்தார். டொட்டன்ஹம்மில் ஆடியபோது சக வீரர்கள் தன்னை எளிதில் கண்டுகொள்ள வேண்டுமென்று மஞ்சள் நிறச் சப்பாத்துப் போட்டார் என்பதுதான் அந்தக் காலத்தைப் பற்றி இன்றும் நினைவுகூரப்படும் செய்தி.

1907 இல் நோர்த்ஹம்டன் கழகத்தின் முகாமையாளர் பதவி அவருடைய நண்பர் ஒருவருக்கு வந்தது. நண்பர் தான் போகாமல் சப்மனைச் சிபாரிசு செய்தார். தென்பிராந்திய லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. இரண்டே பருவங்களில், 1909 இல், அதே லீக்கின் சம்பியனாக்கிக் காட்டினார்.

1912 இல் லீட்ஸ் சிற்றி அவரை அழைத்தது. இரண்டாம் பிரிவில் 19 ஆவது இடம். அதற்குக் கீழே அந்த நாளில் இன்னொரு பிரிவு இல்லை. கடைசியில் வந்த கழகங்கள் மற்றக் கழகங்களிடம் வாக்குக் கேட்டு, மீண்டும் தெரிவாக வேண்டும். தோற்றால் லீக்கிலேயே இடமில்லை. புதிய முகாமையாளரின் முதல் வேலை, பந்தைத் தொடுவதற்கு முன், அந்த வாக்குகளைத் திரட்டுவதாக இருந்தது. அதில் வென்றார். அடுத்த பருவத்தில் அணி 6 ஆவது இடம், அதற்கடுத்த பருவத்தில் 4 ஆவது இடம். அதன்பிறகு போர் வந்தது.

போரும் மறைக்கப்பட்ட கணக்கும்

முதலாம் உலகப் போரால் 1915 இல் லீக் நிறுத்தப்பட்டது. வீரர்கள் பலர் போர்முனைக்குப் போனார்கள். பிராந்திய மட்டத்தில் போட்டிகள் நடந்தன. எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் அணிக்கு வீரர் ஆடலாம். ஆனால் சம்பளம் கொடுக்கக்கூடாது, செலவுக்காசு மட்டும்தான். பல கழகங்கள் இந்த விதியை மறைவாக மீறின என்று பேசப்பட்டது.

1916 இல் சப்மன் லீட்ஸுக்கு அருகில் பார்ன்போ என்ற எறிகணைத் தொழிற்சாலையில் முகாமையாளராகச் சேர்ந்தார். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்த ஆண்டு டிசெம்பர் 5 ஆம் திகதி இரவு நடந்த வெடிப்பில் 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கையால் செய்தி வெளிவரவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் பத்திரிகையில் போட்ட அறிவித்தல்களில் விபத்தில் இறந்தார் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எந்த விபத்து, எங்கே என்று எழுத முடியவில்லை. இதை வாசிக்கும் எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

போர் முடிந்த சில வாரங்களில் சப்மன் லீட்ஸ் சிற்றியிலிருந்து விலகி, செல்பி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனார். அதன்பிறகே விவகாரம் வெடித்தது. சம்பளத் தகராறில் கழகத்தோடு முரண்பட்ட சார்லி கோப்லண்ட் என்ற வீரர், போர்க்காலத்தில் சட்டவிரோதக் கொடுப்பனவுகள் நடந்தன என்று முறைப்பாடு செய்தார். லீக் கணக்குப் புத்தகங்களைக் கேட்டது. இயக்குநர்கள் கொடுக்கவில்லை. முடிவுதான் அந்த ஹோட்டல் ஏலம்.

சப்மனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் கழகத்தின் நாளாந்த விடயங்கள் தன் கையில் இல்லை என்பது அவருடைய வாதம். பின்னர் அதை ஏற்றுத் தடையை நீக்கினார்கள். ஆனால் புத்தகங்கள் திறக்கப்படாத இடத்தில் ஒருவரின் குற்றமும் நிரூபிக்கப்படாது, குற்றமின்மையும் நிரூபிக்கப்படாது. அந்த நிழல் அவர் பெயரில் கிடக்கத்தான் செய்கிறது. விற்கப்பட்ட வீரர்களுக்கோ வாதாட ஒரு மேடையும் இருக்கவில்லை.

ஊர் காப்பாற்றிய கழகம்

லீட்ஸுக்கு அருகில் ஹடர்ஸ்பீல்ட் என்ற நெசவாலை நகரம். றக்பியில் ஊறிய ஊர். அங்கிருந்த உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கூட்டம் சேரவில்லை. கிரௌதர் என்ற ஆலை முதலாளி குடும்பத்தின் கடனில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. லீட்ஸில் மைதானம் காலியானதும், 1919 நவம்பரில் கிரௌதர் ஒரு முடிவெடுத்தார். முழுக் கழகத்தையும் அப்படியே லீட்ஸுக்குக் கொண்டுபோவது.

அதுவரை மைதானப் பக்கமே வராதவர்கள்கூட அப்போது எழுந்தார்கள். மைதானத்தில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கூட்டம் போட்டார்கள், பணம் சேர்த்தார்கள், கழகத்தின் பங்குகளை வாங்கினார்கள். கழகம் ஊரிலேயே தங்கியது. கிரௌதர் பிறகு லீட்ஸில் புதிதாகத் தொடங்கப்பட்ட கழகத்துக்குப் போனார். இந்தக் குழப்பத்துக்குள்ளேயே அந்த அணி 1920 இல் முதலாம் பிரிவுக்கு ஏறியது, எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிக்கும் போனது.

அந்த ஊர்தான் வேலையிழந்து நின்ற சப்மனைத் தேடிப் போய், அவருக்காக மேன்முறையீடு செய்து, தடையை நீக்கி, 1921 இல் முகாமையாளராக்கியது. 1922 இல் எப்.ஏ. கிண்ணம். 1924 இல் லீக் சம்பியன், அதுவும் கார்டிஃப் அணியை கோல் விகிதத்தில் மயிரிழையில் முந்தி. 1925 இல் மீண்டும் சம்பியன். சப்மன் போனபிறகு 1926 இலும் அதே அணி வென்றது. தொடர்ந்து மூன்று முறை சம்பியனான முதல் ஆங்கிலக் கழகம், ஏழு ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுப் போகவிருந்த கழகம்.

ஹைபரியில் ஐந்து வருடம்

1925 இல் ஆர்சனலின் நிலை பரிதாபம். 22 அணிகளில் 20 ஆவது இடம். கடைசி இரண்டும் கீழ்ப் பிரிவுக்குப் போகும். அதற்கு முந்திய வருடம் 19 ஆவது. தலைவர் ஹென்றி நொரிஸ், முகாமையாளர் லெஸ்லி நைற்றனைக் கைகட்டி வைத்திருந்தார். வீரர் ஒருவரை வாங்க 1,000 பவுணுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்பது அவர் போட்ட விதி. அணி தடுமாறியதும் வேலையிழந்தவர் நைற்றன். பணப்பையைப் பூட்டி வைத்திருந்தவர் கதிரையிலேயே இருந்தார். முகாமையாளரை மாற்றும் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் நான் இதைத்தான் முதலில் தேடுவேன்: திறப்பு யாரிடம் இருந்தது?

புதிய முகாமையாளர் வேண்டுமென்று கொடுத்த விளம்பரத்திலும் பெருந்தொகை கொடுத்து வீரர் வாங்க நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்ற பொருளில் நொரிஸ் எழுதியிருந்தார். வந்த சப்மனோ முதலில் கேட்டது சண்டர்லண்டின் சார்லி பக்கனை. கேட்ட விலை 4,000 பவுண். நொரிஸ் பேரம் பேசினார்: 2,000 உடனே, பிறகு முதல் பருவத்தில் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100. பக்கன் 21 கோல் போட்டார். மொத்தம் 4,100 ஆயிற்று. மிச்சம் பிடிக்கப் போனவருக்கு நூறு பவுண் கூடச் செலவு.

ஒக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றார்கள். ஓவ்சைட் விதி அந்த வருடம்தான் மாறியிருந்தது. நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கலாம் என்று பக்கன் சொன்னார், சப்மன் கேட்டார். அந்தப் பருவம் 2 ஆவது இடத்தில் முடிந்தது. ஆனால் அது உடனடி விடிவு இல்லை. அடுத்த நான்கு பருவங்களும் 11, 10, 9, 14. கிண்ணம் வெல்லும் அணியைக் கட்ட ஐந்து வருடம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சப்மன் சொல்லியிருந்தார். 14 ஆவது இடத்தில் வந்த அதே 1930 இல்தான் எப்.ஏ. கிண்ணம் கிடைத்தது. இன்றைய காலமாயிருந்தால் மூன்றாம் வருடத்திலேயே ரசிகர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். அன்றும் ஹைபரியில் கூச்சலிட்டவர்கள் உண்டு. தன் வீரர்களைக் கூவி நோகடிப்பவர்களை அவர் வெறுத்தார்.

இதற்கிடையில் நொரிஸ் விழுந்தார். கழகப் பணத்தைச் சொந்தக் காரோட்டிக்குச் செலவழித்தது உட்பட்ட முறைகேடுகளுக்காக உதைபந்தாட்டச் சங்கம் அவரைத் தடைசெய்தது. மீண்டும் ஒரு கணக்குப் புத்தகம். இம்முறை சப்மன் அதன் மறுபக்கத்தில் நின்றார். திறப்பு அவர் கைக்கு வந்தது. 1928 இல் டேவிட் ஜக்குக்கு 10,890 பவுண் கொடுத்தார். 10,000 பவுணைத் தாண்டிய முதல் வீரர் அவர். அலெக்ஸ் ஜேம்ஸுக்கு 8,750. அதே காலத்தில் சட்டப்படி ஒரு வீரருக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வாரச் சம்பளம் 8 பவுண் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பணம் கழகங்களுக்கிடையில் ஓடியது, ஓடியவர்களின் சட்டைப்பையில் விழவில்லை.

1930 இறுதிப் போட்டியில் ஆர்சனல் எதிர்கொண்டது ஹடர்ஸ்பீல்டை. இரண்டையும் வளர்த்தவருக்கு மரியாதையாக இரு அணிகளும் பக்கம் பக்கமாக மைதானத்துக்குள் வந்தன. ஆர்சனல் 2-0 என்று வென்றது. 1931 இலும் 1933 இலும் லீக் சம்பியன். 1932 இல் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கே கழகத்தின் பெயர் வைக்கச் செய்தார்.

அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. 1933 ஜனவரியில் கீழ்ப் பிரிவு அணியான வோல்சாலிடம் 2-0 என்று தோற்றபோது, பெனல்ரி கொடுத்த இளம் வீரர் ரொமி பிளக்கை ஒரு வாரத்துக்குள் விற்றுவிட்டார். தனக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்ததை அந்த நேரம் அவர் மறந்திருக்க வேண்டும்.

1934 புத்தாண்டில் தடிமனோடு ஊர் ஊராகப் போட்டி பார்த்தார். வைத்தியர் சொல்லைக் கேட்காமல் மூன்றாம் அணியின் ஆட்டத்துக்கும் போனார். நியூமோனியாவாகி, ஜனவரி 6 ஆம் திகதி அதிகாலை, 55 வயதில் இறந்தார். அன்று பிற்பகல் ஹைபரியில் போட்டி நடந்தது. அந்தப் பருவமும் ஆர்சனலே சம்பியன்.

எங்கள் மைதானங்கள்

1919 இல் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு கழகங்கள் ஆபத்தில் இருந்தன. ஒன்றின் புத்தகம் பூட்டப்பட்டிருந்தது, அது அழிந்தது. மற்றதன் கடன் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஊர் வந்து தோள் கொடுக்க முடிந்தது. எவ்வளவு கடன் என்று தெரியாத இடத்தில் யாரும் பங்கு வாங்க மாட்டார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் ஊர்களை இழந்தபோது கழகத்தின் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, இருந்த இடத்தில் அந்தப் பெயரோடு ஆடியவர்கள் நாங்கள். திரும்பிப் போனபோது பற்றை மூடிய மைதானத்தைத் துப்புரவாக்கியதும் அந்தப் பெயர்தான். இன்று அந்தக் கழகங்கள் பலவற்றுக்குப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். மைதானம், சட்டை, சுற்றுப்போட்டி, பரிசு. நல்லது. வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஊர் முன்னால் கணக்கு வாசிக்கப்படுகிறதா என்பது என் கேள்வி. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தி, ஓகஸ்ட்டில்தான் தடையை நீக்கியது. நிர்வாகத்தின் குழப்பத்துக்கு அந்த மாதங்களில் விலை கொடுத்தவர்கள் ஆடுபவர்கள். லீட்ஸ் ஹோட்டலில் விலை குறிக்கப்பட்டு நின்றவர்களைப் போல.

சப்மன் போன்ற ஒருவர் எங்கள் ஊர்க் கழகத்துக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம். கணக்குப் புத்தகத்தை வாசிகசாலை மேசையில் திறந்து வைப்பதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை.