முடியை மறுத்த தச்சன் மகன்

எங்கள் கலாசாலையில் ஒருநாள், பற்றற்ற உள்ளத்துக்கு எடுத்துக்காட்டாக ஸ்பெயின் தேயத்துத் தளபதி ஒருவரைப் பற்றி மாணவர்க்கு எடுத்துரைத்தேன். வண்டில் செய்யும் தச்சர் ஒருவருக்குப் பிள்ளையாய்ப் பிறந்து, படைத்தலைவராய் உயர்ந்து, நாட்டை ஆண்டு, ஈற்றில் அரச முடியே தம்மைத் தேடி வந்தபோதும் வேண்டாவென்று விலக்கியவர் அவர். அரசுரிமையைத் துறந்த பரதனையும் இளங்கோவையும் நாம் அறிவோம். அவர்கள் அரச குடியிற் பிறந்தவர்கள். தச்சன் மகன் ஒருவன் முடியை மறுத்தான் என்பது புதுமையன்றோ என்று சொல்லி முடித்தேன். அப்பொழுது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதே தளபதி தம் நாட்டு நகரம் ஒன்றைப் பீரங்கியால் தாக்குவித்ததாகத் தான் ஒரு நூலிற் படித்ததாகவும், அஃது உண்மையா எனவும் வினவினான். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குமேற் சொல்ல எனக்கு ஒன்றுந் தோன்றவில்லை. மணியும் அடித்துவிட்டது.

அன்று சொல்லாது விட்டதை இன்று எழுதுகின்றேன். ஒருவர் வாழ்வின் இறுதி ஏட்டை மட்டும் படித்துக்காட்டுதல் ஆசிரியனுக்கு அழகன்று. முழுவதையுஞ் சொல்லுதலே முறை.

அவர் பெயர் பால்தொமேரோ எஸ்பார்த்தேரோ. ஸ்பெயினின் நடுவே லா மான்சா என்னும் வறண்ட நிலப்பகுதியில், கிரானாத்துலா என்ற சிற்றூரில் 1793 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி பிறந்தார். பல பிள்ளைகள் உள்ள குடும்பத்திற் கடைக்குட்டி அவரே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அக்காலத்திற் கல்வி வேண்டுமெனின் சமயத் தொண்டே வழி. ஆகவே அவரையும் குருவாக்க எண்ணி, அயலிலுள்ள அல்மாக்ரோ நகரிற் படிக்க விட்டனர். ஆனால் 1808 இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினுட் புகுந்தன. இளைஞர்கள் ஏட்டை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினர். அவர்களுள் எஸ்பார்த்தேரோவும் ஒருவர். குருவாக வேண்டியவர் போர்வீரரானார்.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1815 இல் அவர் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். ஆங்கே ஸ்பெயினின் குடியேற்ற நாடுகள் விடுதலை கோரிப் போர் செய்துகொண்டிருந்தன. பெரு நாட்டு மலைகளிலே ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஸ்பானிய அரசின் பக்கம் நின்று பொருதார். 1824 டிசம்பரில் அயகூச்சோ என்னுமிடத்தில் ஸ்பானியப் படை முற்றாகத் தோற்றபோது அவர் அப்போர்க்களத்தில் இல்லை. அரசனுக்குச் செய்தி கொண்டு தாயகஞ் சென்றிருந்தார். இருந்தும் பிற்காலத்தில் அவருடைய பகைவர்கள், தோற்றோடி வந்தவர்கள் என இகழும் பொருட்டு, அவரையும் அவர் நண்பரையும் அயகூச்சோக்காரர் என்றே அழைத்தனர். அரசியலிற் பட்டப்பெயர் உண்மையைப் பார்த்து ஒட்டுவதில்லை.

தாயகந் திரும்பியவர் 1827 இல் லொக்ரோனியோ நகரத்துச் செல்வக் குடும்பத்துப் பெண்ணான ஹசிந்தாவை மணந்தார். வட ஸ்பெயினில், எப்ரோ ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரே பின்னர் அவருக்குப் புகலிடமாயிற்று. இருவருக்கும் மக்கட்பேறு இல்லை. எனினும் ஐம்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் பற்றி வாழ்ந்தனர்.

1833 இல் ஏழாம் பேர்தினாந்து மன்னன் இறந்தான். அவன் மகள் இசபெல் மூன்று வயதும் நிரம்பாத குழந்தை. குழந்தைக்காகத் தாய் மரியா கிறிஸ்தீனா ஆட்சியை நடத்தினாள். பெண்ணுக்கு முடியில்லை, தமக்கே உரிமையென்று மன்னனின் தம்பி கார்லோஸ் வாதாடினார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஏழாண்டுகள் நடந்த அப்போரிலே தான் எஸ்பார்த்தேரோவின் பெயர் நாடெங்கும் பரந்தது.

1836 ஆம் ஆண்டு மார்கழியில் பில்பாவோ நகரம் கார்லோஸ் படையினரின் முற்றுகையிற் சிக்கியிருந்தது. நத்தார் இரவு, பனி கொட்டிக்கொண்டிருந்தது. நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த எஸ்பார்த்தேரோ எழுந்து குதிரையேறி, லுச்சானா என்ற பாலத்தருகே நடந்த போரைத் தாமே முன்னின்று நடத்தினார். விடிந்தபொழுது நகரம் விடுதலை பெற்றிருந்தது. லுச்சானாக் கோமான் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய கண்டிப்பையும் ஈண்டுக் கூறல் வேண்டும். கொள்ளையிட்டதாகக் குற்றஞ் சாட்டப்பட்ட படைப்பிரிவொன்றிலே, குற்றவாளிகளைத் தனித்தறிய இயலாதபோது, சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தெரிந்து சுடுவித்தார். படையின் ஒழுங்கு அதனால் நிலைத்தது. சீட்டு விழுந்தவர்களில் குற்றமற்றவர் எத்தனை பேரோ!

ஆயினும் போரை முடித்த விதத்தில் அவருடைய பெருமை விளங்குகின்றது. களைத்துப்போன எதிர்ப்படையின் தலைவரான மரோத்தோவுடன் பேசி உடன்பாடு செய்தார். 1839 ஆகஸ்டு 31 ஆந் திகதி வெர்காரா என்னும் ஊரில், அணிவகுத்து நின்ற இரு படைகளுக்கும் முன்னே, இரு தளபதிகளும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். தோற்ற பக்கத்து அதிகாரிகளுக்குத் தத்தம் பதவியும் சம்பளமும் உறுதி செய்யப்பட்டன. பாஸ்க்கு மக்களின் பழைய உரிமைகளைப் பாராளுமன்றத்திற் பரிந்துரைப்பதாகவும் அவர் வாக்களித்தார். கிழக்கில் எஞ்சியிருந்த போர் அடுத்த ஆண்டு முடிந்தது. நாடு அவரை அமைதி தந்தவர் எனப் போற்றியது. வெற்றிக் கோமகன் என்ற பட்டமும் வந்தது.

புகழ் மிக்க தளபதியை அரசியல் சும்மா விடுமா? நகரசபைத் தலைவர்களை அரசே நியமிக்கும் சட்டமொன்றால் 1840 இல் நகரங்கள் கொந்தளித்தன. அரசியன்னை பதவி துறந்து நாட்டை விட்டகன்றாள். 1841 மே மாதத்திற் பாராளுமன்றம் எஸ்பார்த்தேரோவை அரசப் பிரதிநிதியாகத் தெரிந்தது. பத்து வயதுச் சிறுமி வளரும் வரை ஸ்பெயின் முழுவதையும் ஆளும் பொறுப்பு தச்சன் மகனிடம் வந்தது. நாட்டு மக்களின் விருப்பமே நிறைவேற வேண்டும் என்பது அவர் எப்பொழுதுஞ் சொல்லிவந்த வாசகம்.

படை நடத்துதல் வேறு, நாடு நடத்துதல் வேறு. ஏவினால் நடக்கும் என்று பழகியவருக்கு எதிர்ப்பேச்சுக் கேட்கும் பொறுமை வரவில்லை. தம்முடன் பெருவிலிருந்த பழைய நண்பரையே அருகில் வைத்துக்கொண்டார். 1841 ஒக்டோபரிற் சில தளபதிகள் அரண்மனையுட் புகுந்து குழந்தை அரசியைக் கவர முயன்றனர். அவர்களுள் தியேகோ தெ லெயோன் என்ற வீரர் மக்களால் விரும்பப்பட்டவர். பலர் மன்றாடியும் எஸ்பார்த்தேரோ மன்னிக்கவில்லை. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறு ஆண்டு கார்த்திகையில் பார்சிலோனா கிளர்ந்தது. அந்நகரம் நெசவாலைகளின் நகரம். இங்கிலாந்துடன் வணிக உடன்படிக்கை ஏற்பட்டால் மலிந்த ஆங்கிலத் துணி வந்து தம் தொழிலை அழிக்கும் என்று ஆலையாளரும் தொழிலாளரும் அஞ்சினர். வரியும் கட்டாயப் படைச்சேர்ப்பும் வெறுப்பை மூட்டின. 1842 டிசம்பர் 3 ஆந் திகதி, நகருக்கு மேலேயுள்ள மொந்துவிச் மலைக்கோட்டையிலிருந்து பீரங்கிகள் முழங்கின. ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. நானூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. நகரம் பணிந்தது. ஆனால் அன்று தொட்டு அந்நகரத்தார் உள்ளத்தில் அவருக்கு இடமில்லாது போயிற்று. வீட்டுக் கூரைமேற் குண்டு விழுதல் என்னவென்று அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆதலின், நானூறு கட்டடங்கள் என்ற எண்ணை வெறும் எண்ணாகப் படிக்க என்னால் இயலவில்லை.

மக்கள் விருப்பத்தைப் பேசியவர் மக்கள்மேற் குண்டு வீசினார் என்ற பழியைத் தாங்கி எந்த ஆட்சியும் நெடிது நிற்பதில்லை. 1843 இல் அவர் கட்சியாரிற் பலரே பகைவரோடு கூடினர். தளபதி நார்வாயெஸ் தலைநகரைக் கைப்பற்றினார். ஜூலை 30 ஆந் திகதி எஸ்பார்த்தேரோ காதிஸ் விரிகுடாவில் ஆங்கிலக் கப்பலொன்றில் ஏறி நாட்டை விட்டு அகன்றார். பட்டங்கள் யாவும் பறிக்கப்பட்டன. இலண்டனில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, மன்னிப்புக் கிடைத்தபின் 1848 இல் லொக்ரோனியோ திரும்பினார்.

1854 இற் புரட்சியொன்றால் நிலைகுலைந்த இசபெல் அரசி, அவரையே அழைத்துப் பிரதம மந்திரியாக்கினாள். அவ்வாட்சியில், 1855 இல், இருப்புப்பாதைச் சட்டமும் திருச்சபை நிலங்களையும் ஊர்ப் பொது நிலங்களையும் விற்கும் சட்டமும் நிறைவேறின. இரண்டாண்டில் அமைச்சராயிருந்த தளபதி ஓதொன்னெலுடன் முரண்பாடு முற்றியது. 1856 ஜூலையில் எஸ்பார்த்தேரோ பதவி விலகினார். மத்ரித் நகரத்து மக்கட்படையினர் அவர் தமக்குத் தலைமை தாங்குவாரென எதிர்பார்த்துத் தெருக்களில் நின்றனர். அவர் வரவில்லை. ஓதொன்னெலின் பீரங்கிகள் அவர்களை அடக்கின. நம்பினோரைக் கைவிட்டார் என்று பலர் தூற்றினர். அவரோ லொக்ரோனியோ சென்று தோட்டத்தையும் வீட்டையும் பார்த்திருந்தார்.

1868 இற் புரட்சி இசபெலையே நாட்டை விட்டு ஓட்டியது. ஆனால் புதிய அரசியலமைப்போ முடியாட்சியையே விதித்தது. அரசனில்லாத முடியாட்சிக்கு ஓர் அரசன் வேண்டுமென ஐரோப்பாவெங்கும் தேடினர். 1870 இற் பிரதம மந்திரி பிரீம், எஸ்பார்த்தேரோ முடியை ஏற்பாரா எனக் கடிதம் விடுத்தார். இந்தப் பிரீம்தான் 1843 இல் அவரை எதிர்த்து எழுந்தவர்களுள் ஒருவர் என்பது நினைக்கத்தக்கது. எழுபத்தேழு வயதான முதியவர், ஆண்டும் உடல்நிலையும் இடந்தரா என்று பணிவுடன் மறுத்தார். நவம்பரில் இத்தாலிய இளவரசர் அமதேயோ அரசராகத் தெரியப்பட்ட வாக்கெடுப்பிலும், மறுத்த முதியவருக்கே எட்டு வாக்குகள் விழுந்தன.

அமதேயோ லொக்ரோனியோவுக்கு வந்து அவரைக் கண்டார். 1872 இல் வெர்காரா இளவரசர் என்ற பட்டத்தையும் அளித்தார். பார்சிலோனாவின் பெயரால் அன்று, தழுவல் நிகழ்ந்த வெர்காராவின் பெயரால் அவரை நாடு நினைக்க விரும்பியது. ஹசிந்தா 1878 இல் மறைந்தார். அவரைப் பிரிந்து நெடுநாள் இராது, 1879 ஜனவரி 8 ஆந் திகதி எஸ்பார்த்தேரோவும் உயிர் நீத்தார். லொக்ரோனியோத் தேவாலயத்தில் இருவரும் ஒருங்கே அடக்கமாயினர். அவர்கள் வாழ்ந்த மாளிகை இன்று அரும்பொருட்சாலை.

கடைசி வாங்கு மாணவனுக்கு இனி என் விடை. முடியை மறுத்தவரும் நகரத்தைத் தாக்குவித்தவரும் ஒருவரே. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தல் பொய்யாகும். துறவு சிறந்ததுதான், ஆனால் அஃது இடிந்த வீடொன்றையும் மீண்டும் கட்டித் தரவில்லை. அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த மூன்றாண்டுகளில் அவர் கற்காத பொறுமையை, அதனை இழந்த பின்னரே கற்றார் என்று நான் கருதுகின்றேன். 1856 இல் தெருவிலிறங்காது விலகியதும், 1870 இல் முடியை விலக்கியதும் அக்கல்வியின் பயனாயிருக்கலாம். மீண்டும் பீரங்கியருகே நிற்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை போலும்.

அக்கல்வியை முன்னரே கற்றிருப்பின் பார்சிலோனா தப்பியிருக்கும். ஆளப் புகுவோர் முடியை மறுக்கக் கற்பதிலும், முடி கையிலிருக்கும்போது சினத்தை மறுக்கக் கற்றலே அரிது. எஸ்பார்த்தேரோவின் கதையை இனி இவ்வாறே வகுப்பிற் சொல்வேன். வினவிய அம்மாணவனுக்கு நான் கடமைப்பட்டவன்.