கொள்ளை நோய்க் காலத்தில் ஒரு தந்தை: இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்)

ஸஹீஹுல் புகாரி ஓதும் மாணவர் எவரும் ஃபத்ஹுல் பாரீ என்னும் விரிவுரையின் பெயரைக் கேளாதிருக்க முடியாது. அதனை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் கல்விக்கடலைப் பற்றி நம் ஆலிம்கள் பலவாறு எடுத்துரைப்பார்கள். ஆயின், அப்பெருமகனார் தம் பெண்மக்கள் மூவரைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்த தந்தை என்பதை அறிந்தோர் சிலரே.

ஹிஜ்ரி 773 ஷஅபான் மாதத்தில் (கி.பி. 1372) எகிப்தில் அன்னார் பிறந்தார்கள். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்னர், 1347 ஆம் ஆண்டில், கருங்கொள்ளை நோய் அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் மக்களை வாரிச் சென்ற அந்நோய் ஒரு முறையோடு அடங்கிவிடவில்லை. சில ஆண்டுகள் ஓய்ந்திருக்கும். பின்னர் மீண்டும் தலைதூக்கும். ஆதலால், தம் வாழ்நாளில் பலமுறை கொள்ளை நோயைக் காண நேர்ந்த தலைமுறையில் இமாம் அவர்கள் வளர்ந்தார்கள்.

இளமையிலேயே தாயையும், நான்கு வயதில் தந்தையையும் இழந்தார்கள். தந்தையின் நண்பரான வணிகர் ஒருவர் பொறுப்பேற்று வளர்த்தார். மூத்த சகோதரி சித்துர் ரக்ப் அவர்களோ தாயாகவே இருந்து பேணினார். ஒன்பது வயதில் குர்ஆனை மனனம் செய்து முடித்து, பன்னிரண்டாம் வயதில் மக்கா ஹரம் ஷரீஃபில் தராவீஹ் தொழுகைக்கு இமாமாக நின்றார்கள். பின்னர் ஹாஃபிழ் ஜைனுத்தீன் இராக்கீ (ரஹ்) அவர்களிடம் பத்தாண்டுகள் ஹதீஸ் பயின்றார்கள். அன்னாரின் மனைவி உன்ஸ் காத்தூன் அவர்களும் ஹதீஸ் கற்று, பிறருக்குக் கற்பித்த மாதரசி ஆவார்.

ஹிஜ்ரி 817 இல் ஃபத்ஹுல் பாரீயைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 819 இல் (கி.பி. 1416), கெய்ரோவில் கொள்ளை நோய் பரவியது. ஃபாத்திமா, காலியா என்னும் இரு பெண்மக்களும் அதே ஆண்டில் மௌத்தானார்கள். ஒரே ஆண்டில் இரு ஜனாஸாக்கள் புறப்பட்ட அவ்வில்லத்தில் விரிவுரையின் ஏடுகளும் திறந்தே கிடந்தன. அவற்றோடு இன்னொரு நூலுக்கும் அவ்வாண்டிலேயே குறிப்புகள் திரட்டத் தொடங்கினார்கள். பத்லுல் மாஊன் என்னும் அந்நூல் கொள்ளை நோயைப் பற்றியது.

நூல் ஐந்து பாடங்களாக அமைந்துள்ளது. தாஊன் வேறு, வபா வேறு என முதலில் பிரித்துக் காட்டுகிறார்கள். தாஊன் யாவும் வபாவே. வபா யாவும் தாஊன் அன்று. நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருப்பவர் அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையையும், அந்நோயில் இறக்கும் முஸ்லிமுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்பதையும் விரிவாக ஆராய்கிறார்கள். பொறுமையுடன் தம் ஊரில் தங்கியிருப்பவர், நோய் தீண்டாது பிழைத்தாலும் அந்நற்கூலியைப் பெறுவார் என்று ஹதீஸிலிருந்து நிறுவும் இடம், மக்களைப் பறிகொடுத்த ஒருவர் எழுதியது என்ற நினைவோடு படிக்கத்தக்கது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்களை இன்றைய மருத்துவ அறிவின் முன்னோடியாகக் காட்ட விழைவோர் உண்டு. அது உண்மையன்று. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தானாகத் தொற்றுகிறது என்பதை இமாம் அவர்கள் ஏற்கவில்லை. ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு ஜின்களின் தீண்டலையே காரணமாகக் கூறினார்கள். அவர்களுக்கு முன்பே கிரனாடாவின் இப்னுல் கதீப் தொற்று உண்டென வாதிட்டிருந்தார். நோயின் கிருமி கண்டறியப்பட்டதோ 1894 இல், ஹாங்காங்கில்.

எனினும், கண்ணால் கண்டதை மறைக்காது எழுதுவது அன்னாரின் இயல்பு. ஹிஜ்ரி 833 இல் (கி.பி. 1430) கெய்ரோவில் மீண்டும் நோய் கண்டது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு இறந்தோர் 40 பேருக்கும் குறைவு. மழை வேண்டித் தொழுவதைப் போல மூன்று நாள் நோன்பு நோற்று, ஜமாதுல் அவ்வல் 4 ஆம் நாள் மக்கள் பாலைவெளியில் ஒன்றுகூடித் துஆச் செய்து திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் இறப்பு நாளொன்றுக்கு 1,000 ஐத் தாண்டியது. நோய் நீங்கத் துஆக் கேட்பது நன்றே. அதற்கென இவ்வாறு திரள்வதற்கு முன்னோரிடம் முன்மாதிரி இல்லை என்பது இமாம் அவர்களின் முடிவு. 2020 இல் பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் அடைபட்டு, ஜும்ஆவின்றி நாம் வீட்டில் லுஹர் தொழுத நாட்களில் இந்தப் பகுதி உலகெங்கும் நினைவுகூரப்பட்டது.

அந்த 833 ஆம் ஆண்டு நகர வாழ்வையே குலைத்தது. மையித்தைச் சுமக்கச் சந்தூக்கு போதாமல் பலகைகளில் வைத்துத் தூக்கிச் சென்றனர். காழியாகப் பணியாற்றியிருந்த இமாமின் வீட்டையும் அது விட்டுவைக்கவில்லை. மூத்த மகள் ஜைன் காத்தூன் கருவுற்றிருந்த நிலையில் நோய்க்கு ஆளாகி மரணமடைந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய பத்லுல் மாஊன் அவ்வாண்டிலேயே நிறைவு பெற்றது.

ஃபத்ஹுல் பாரீ முடிய மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஹிஜ்ரி 842 ரஜப் மாதத்தில் அது நிறைவெய்திய போது, கெய்ரோவுக்கு வெளியே அறிஞர்களும் பொதுமக்களும் கூட, பெரும் விருந்து நடைபெற்றது.

ஹிஜ்ரி 852 துல்ஹஜ் மாத இறுதியில் (கி.பி. 1449 பிப்ரவரி) இமாம் அவர்கள் வஃபாத்தானார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை அடுத்த கராஃபாவில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அன்னாரின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தவர் மாணவர் ஸகாவீ (ரஹ்) அவர்கள். கணவருக்குப் பின்னரும் பல்லாண்டுகள் வாழ்ந்த உன்ஸ் காத்தூன் அம்மையாரிடம் ஹதீஸ் கேட்டவர்களுள் அவரும் ஒருவர்.