தளராத உள்ளம்

பாலக்காடு மாவட்டத்தில் உள்ள வடவன்னூர், தமிழக முதலமைச்சராக விளங்கிய எம்.ஜி. இராமச்சந்திரனின் தாயார் சத்தியபாமா அம்மையாரின் ஊராகும். இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் இலங்கையின் கண்டியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கும்பகோணத்தில் குடியேறிய தாயார் வறுமையோடு போராடி மக்களை வளர்த்தார். பசியின் கொடுமையால் படிப்பு தடைப்பட்டது. அவரும் தமையனார் சக்கரபாணியும் நாடகக் குழுவில் சேர்ந்தனர்.

1936இல் திரைப்படத்தில் அறிமுகமான அவர், படிப்படியாகப் புகழ் பெற்றார். 1967இல் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தது. குரல் மாறியபோதும் நடிப்பைக் கைவிடவில்லை. 1977இல் முதலமைச்சரானார். பசியின் துயரை அறிந்திருந்த அவர், 1982இல் குழந்தைகளுக்குச் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

1984 அக்டோபரில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. அடுத்து மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் பாதிக்கப்பட்டது. குருதி கொண்டுசெல்லும் உயிர்வளி இன்றி மூளை இயங்காது. மூளையின் இடப்பகுதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சையும் அதுவே ஆள்கிறது. ஆதலால் அங்குக் குருதி குறைந்தால் வலக்கை தளரும், நாவும் குழறும். அவருக்கும் வலக்கை வலுவிழந்தது, பேச்சும் தடுமாறியது. திரையில் வாள் சுழற்றிய கை அது. மக்களைக் கவர்ந்த பேச்சு அது!

அமெரிக்காவின் புரூக்ளினில் உள்ள மருத்துவமனையில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அங்கிருந்தவாறே ஆண்டிபட்டித் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பி மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். பேச்சு முன்போல் தெளிவு பெறவில்லை. ஆயினும் 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறையும் வரை பணியைத் தொடர்ந்தார். 1988இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

மாணவர்களே! ஒருவருக்குத் திடீரென முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சற்றும் தாமதியாமல் 108 ஊர்தியை அழையுங்கள். குருதி பெறாத மூளைக்கு ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. விரைந்து கிடைக்கும் மருத்துவம் உயிரையும் கையின் வலிமையையும் காக்கக்கூடும்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
தமையனார் – அண்ணன்

விடையளிக்க
1. சத்துணவுத் திட்டத்திற்கும் இராமச்சந்திரனின் இளமைக்கும் உள்ள தொடர்பு யாது?
2. வலக்கையும் பேச்சும் ஒருசேரப் பாதிக்கப்படுவது ஏன்?
3. உடனே மருத்துவ உதவி நாட வேண்டிய மூன்று அறிகுறிகளை எழுதுக.